ஒரே மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரை... இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள்! யார் இந்த சுப்பாராவ்?

முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் இந்தச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு மாத்திரை மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மறந்துபோய் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், டாக்டர்கள் கிழமையைப் பெரிசாக எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுப்பார்கள். இன்னொன்று ஃபோலிக் ஆசிட். முதல் மாத்திரையால் வாய்ப்புண், குமட்டல் மாதிரி தொந்தரவுகள் வராமல் இருக்க இது.

கொஞ்சம் யோசித்தால் விநோதமாக இருக்கும். உடம்பில் ஃபோலிக் ஆசிட் செய்யும் வேலையைத் தடுக்கத்தான் மெத்தோட்ரெக்சேட். அப்புறம் அதே ஃபோலிக் ஆசிட்டை ஏன் தனியாக வேறு கொடுக்கிறார்கள்? விடை கடைசியில் ஒரு நொதியில் போய் முடியும். அதற்கு முன்னால் இன்னொரு விஷயம். இந்த இரண்டு மாத்திரைகளும் 1940-களில் அமெரிக்காவின் ஒரே ஆய்வகத்தில், ஒரே குழுவின் கையில் உருவானவை. குழுவின் தலைவர் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வர்டுகளில் பாதி மிகைப்படுத்தல். ஏடிபி-யை அவர் மட்டுமே கண்டுபிடித்தார், கீமோதெரபியைத் தனி ஆளாக உருவாக்கினார், நோபலைப் பறித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் வரும். உண்மையில் நடந்தது அதைவிடச் சிக்கலானது. சுவாரஸ்யமானதும் அதுதான்.

பீமவரம் டு திருவல்லிக்கேணி

1895 ஜனவரி 12, பீமவரம். இன்று ஆந்திராவில் இருக்கிறது, அன்று மெட்ராஸ் மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நிலை சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள். பணம் எப்போதும் பற்றாக்குறை.

பையனுக்கும் படிப்பு பெரிசாக ஓடவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆவது என்று திட்டம். பாதியிலேயே பிடித்து வந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார், அதுவும் ராஜமுந்திரியிலிருந்து மெட்ராஸுக்கு மாறி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த பிறகு. அடுத்து பிரசிடென்சி காலேஜ். அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் மனசு போய், துறவியாகிவிடலாம் என்று நினைத்தார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மடத்தில் இருந்தவர்களே, மருத்துவம் படித்தால் அதைவிட நல்ல சேவை செய்யலாம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

1915-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். நண்பர்கள் உதவினார்கள். பின்னால் மாமனார் ஆகப்போகிற கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார். அவர் மகள் சேஷகிரியை 1919-ல் மணந்தார்.

காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் உடையில் போய் நின்றார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழோடு மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர முயன்றார், நடக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது.

ஆயுர்வேதமும் லட்சுமிபதியும் அவருக்கு வெறும் பிழைப்பு அல்ல. குடும்பத்தில் இரண்டு சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிருந்தது. விடாத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது, ரத்தம் சுண்டி ஆள் எலும்பாகிவிடுவார். சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. அவரைத் தேற்றியவர் லட்சுமிபதி. ஏன் வருகிறது, எதனால் சரியாகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இந்த ஸ்ப்ரூவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை பின்னால் இங்கே திரும்பி வரும்.

பெட்பேன் கழுவிய டாக்டர்

1920-களின் தொடக்கத்தில், மாமனார் கொடுத்த பணத்தோடும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்று தருவதாகச் சொன்ன உதவியோடும் பாஸ்டனில் போய் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. அவருடைய இந்தியச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்கவும் முடியாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் பெட்பேன்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலை. பகலில் வகுப்பு.

மனைவியை அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. ஊரில் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான். அந்தச் சேதியும் கடிதத்தில்தான் வந்தது. மூன்று வருஷத்தில் வந்துவிடலாம் என்று நினைத்துப் போனவர், கடைசிவரை ஊர் திரும்பவில்லை. சுப்பாராவ் பற்றிய புகழாரங்களில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். ஆனால் இந்தக் கணக்கில் அதிகம் இழந்தவர் சேஷகிரி.

ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு சுலபமான வழி வேண்டும். இதுதான் கொடுத்த வேலை. 1925-ல் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை வெளியானது. மாதிரியில் மாலிப்டேட் சேர்த்தால் பாஸ்பேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்தால் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அவ்வளவுதான். நம்மூர் காலேஜில் பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் பிராக்டிக்கலில் இந்த நீலத்தைப் பார்த்திருப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பெயரை எழுதியும் இருப்பார்கள். பெயருக்குச் சொந்தக்காரர் மெட்ராஸில் படித்தவர் என்று எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்பதுதான் சந்தேகம்.

சரியான அளவுகோல் கையில் இருந்தால் இதுவரை தெரியாதது எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். தசையில் பாஸ்பரஸை அளந்தபோது கணக்கு இடித்தது. நேரம் ஆக ஆக நீலம் கூடிக்கொண்டே போனது. அப்படியென்றால் ஏதோ ஒரு பொருள் உடைந்து பாஸ்பரஸை விட்டுக்கொண்டே இருக்கிறது. 1927-ல் அது பாஸ்போகிரியாட்டின் என்று ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அறிவித்தார்கள். தசை சுருங்குவதற்கான சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்பதுதான் அன்றைய பாடப்புத்தகம், அந்த ஆராய்ச்சிக்கு 1922-ல் நோபலே கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தைத் திருத்தி எழுத வைத்த முதல் தடயங்களில் இதுவும் ஒன்று.

1929-ல் ஏடிபி. உயிரணுக்களின் சக்தி நாணயம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதேதான். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருஷம் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். இரண்டு குழுக்களும் தனித்தனியாக அங்கே வந்து சேர்ந்தன என்பதே சரியான வரலாறு. ஃபார்வர்டுகளில் லோமன் காணாமல் போய்விடுவார்.

1930-ல் ஹார்வர்டு பிஎச்.டி கொடுத்தது. நிரந்தரப் பேராசிரியர் வேலை மட்டும் கொடுக்கவே இல்லை. ஃபிஸ்க்கோடு உறவும் அவ்வளவு சுமுகமில்லை. ஃபிஸ்க்கிடம் அதே காலத்தில் மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், பல வருஷம் கழித்து ஒரு குற்றச்சாட்டு வைத்தார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்கள் வெளியே வராமல் ஃபிஸ்க் பார்த்துக்கொண்டார் என்றும், அதனால் அவற்றைப் பின்னால் வேறு ஆட்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும். ஹிட்சிங்ஸின் பெயரையும் ஞாபகம் வையுங்கள்.

ஈரலில் ஒளிந்திருந்த பொருள்

1930-களில் மருத்துவ உலகமே ஈரல் பைத்தியம் பிடித்து அலைந்தது. பெர்னிஷியஸ் அனீமியா என்ற கொடிய ரத்தசோகைக்கு நிறைய ஈரல் சாப்பிட்டால் குணமாகிறது என்று 1926-ல் பாஸ்டன் டாக்டர்கள் காட்டியிருந்தார்கள். 1934-ல் அதற்கு நோபல். ஈரலில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. சுப்பாராவும் ஈரல் சாற்றை எடுத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் வேறொரு முனையிலிருந்து வந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒரு வகை ரத்தசோகை, ஈஸ்ட் சாறு கொடுத்தால் சரியாவதைக் கவனித்தார். பெர்னிஷியஸ் அனீமியாவுக்குத் தேவைப்படும் பொருள் வேறு, இது வேறு என்று தோன்றியது. 1941-ல் டெக்சாஸில் ஒரு குழு நான்கு டன் பசலைக்கீரை வகையைப் பிழிந்து துளியூண்டு பொருளைப் பிரித்தது. இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை.

ஹார்வர்டில் எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும், 1940-ல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். தனியார் மருந்துக் கம்பெனி. சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார். நிரந்தர வேலை தராத பல்கலைக்கழகத்தைவிட்டு, ஆட்களையும் டன் கணக்கில் மூலப்பொருளையும் கொடுத்த கம்பெனிக்கு வந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம்.

மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும் பொருளை வைத்துக்கொண்டு எந்த நோயாளிக்கும் கொடுக்க முடியாது. ஈரலை நம்பாமல் ரசாயனத்தில் தயாரிக்க வேண்டும். லாக்டோபேசிலஸ் கேசி என்ற பாக்டீரியா இந்தப் பொருள் இல்லாமல் வளராது. எந்தக் கரைசலில் அது செழிப்பாக வளர்கிறதோ அதில் ஃபோலிக் ஆசிட் அதிகம். பாஸ்பரஸுக்கு நீல நிறம் மாதிரி, இதற்கு இந்த பாக்டீரியாதான் அளவுகோல். 1945-ல் லெடர்லே குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டதாக அறிவித்தது. கட்டுரையில் 16 பேரின் பெயர்கள். நடுவில் எங்கேயோ சுப்பாராவ் பெயரும் இருக்கும். குழுத் தலைவர் என்று எந்த அடையாளமும் இருக்காது.

உடனே டாக்டர் டாம் ஸ்பைஸ் இதை எடுத்துக்கொண்டுபோய் கியூபாவில் நோயாளிகளுக்குக் கொடுத்தார். எந்த நோயாளிகள் தெரியுமா? ஸ்ப்ரூ வந்தவர்கள். நாக்கில் புண் ஆறியது, பசி எடுத்தது, ரத்தம் ஊறியது. இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து, மூன்றாமவரின் ஆய்வகத்திலிருந்து வந்திருந்தது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பதும் இந்த ஃபோலிக் ஆசிட்தான்.

ஒரு டாக்டரின் தவறு திறந்த கதவு

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் நிபுணர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அன்று எந்த மருந்தும் கிடையாது. சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரிசெய்கிறது என்றால் இந்தக் குழந்தைகளுக்கும் உதவலாமே என்று நினைத்து, லெடர்லே தயாரித்த ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்.

நோய் இன்னும் வேகமெடுத்தது.

அந்தக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை நெறிமுறைக் குழு தாண்ட விடுமா என்பதும் சந்தேகமே. ஆனால் ஃபார்பருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. புற்றுச் செல்கள் ஃபோலிக் ஆசிட்டைத் தின்று வளர்கின்றன என்றால், அதை அவற்றுக்குக் கிடைக்காமல் செய்தால்?

சுப்பாராவின் ஆட்களிடம் அதற்குத் தேவையானது இருந்தது. ஃபோலிக் ஆசிட்டைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு, அதே மாதிரி தோற்றமளிக்கும் போலியைச் செய்வதும் கைவந்த கலை. மூலக்கூறின் ஒரு முனையில் இருக்கும் ஒரு ஆக்சிஜன் குழுவை எடுத்துவிட்டு, அங்கே ஒரு அமினோ குழுவை வைத்தால் அமினோப்டெரின். டோரிஸ் சீகர் என்ற பெண் வேதியியலாளரும் சகாக்களும் செய்தது. பூட்டுக்குள் போகும், ஆனால் திரும்பாது, வெளியேயும் வராது. அப்படி ஒரு கள்ளச் சாவி.

1947 டிசம்பரில் ஃபார்பர் அதைக் கொடுக்க ஆரம்பித்தார். 1948 ஜூனில் முடிவுகள் வெளியாகின. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான். சில மாதங்களில் திரும்ப வந்தது. ஆனாலும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குக் கட்டுப்பட்டது அதுவே முதல் முறை. அமினோப்டெரினில் இன்னொரு சின்ன மாற்றம் செய்து, ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்ததுதான் மெத்தோட்ரெக்சேட். பக்க விளைவுகளைச் சமாளிப்பது இதில் கொஞ்சம் எளிது என்பதால் இதுவே நிலைத்தது. 1956-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் கோரியோகார்சினோமா என்ற, கர்ப்பத்தோடு தொடர்புடைய புற்றுநோயை மெத்தோட்ரெக்சேட்டால் மட்டுமே குணப்படுத்திக் காட்டினார்கள். 1988-ல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இதெல்லாம் நடக்கும்போதே லெடர்லேயில் இன்னும் இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஃபைலேரியா தொற்றியதால் அதற்கு மருந்து தேடினார்கள். பருத்தி எலிகளில் சோதித்துப் பார்த்து 1947-ல் வெளியிட்டது டைஎத்தில்கார்பமசின். பெயர் புதிதாகத் தெரியலாம். யானைக்கால் நோய்க்கு என்று வருஷத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து, கண் முன்னே விழுங்க வைத்துவிட்டுப் போவார்களே, அந்த டிஇசி மாத்திரைதான். மற்றொன்று ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாட்டிக். அதைக் கண்டுபிடித்தவர் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பிறகு லெடர்லேக்கு வந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர். சுப்பாராவ் அதற்கு இயக்குநர், கண்டுபிடிப்பாளர் அல்ல. 1948 ஜூலையில் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அடுத்த மாதமே, 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. இந்தியர்கள் குடியுரிமை வாங்க அமெரிக்கச் சட்டம் 1946-ல்தான் வழிவிட்டது. சுப்பாராவ் கடைசிவரை அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை.

எந்தப் பூட்டு என்று தெரியாமலே

இப்போது அந்த நொதிக்கு வரலாம்.

அமினோப்டெரின் வேலை செய்கிறது என்று 1948-ல் தெரியும். உடம்புக்குள் எந்த இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது என்று தெரியாது. சுப்பாராவ் இறந்து பத்து வருஷம் கழித்து, 1958-ல், மேரி ஆஸ்போர்னும் ஃபிராங்க் ஹியூனெகென்ஸும் அதைப் பிடித்தார்கள். கோழி ஈரலிலிருந்து எடுத்த ஒரு நொதி. பெயர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ், சுருக்கமாக டிஹெச்எஃப்ஆர். துளி மெத்தோட்ரெக்சேட் பட்டாலே அது அப்படியே நின்றுபோனது.

இந்த நொதி என்ன செய்கிறது? நாம் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட்டை உடம்பு அப்படியே பயன்படுத்த முடியாது. டிஹெச்எஃப்ஆர் அதை இரண்டு படிகளில் டெட்ராஹைட்ரோஃபோலேட் ஆக மாற்றித் தர வேண்டும். டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைத் தயாரிக்க அது வேண்டும். ஒவ்வொரு முறை தைமின் உருவாகும்போதும் அது பழைய நிலைக்கு இறங்கிவிடும். மறுபடி ஏற்றி அனுப்புவதும் டிஹெச்எஃப்ஆர் வேலைதான். ரீசார்ஜ் பாயின்ட் மாதிரி. அதை மூடிவிட்டால் தைமின் இல்லை, டிஎன்ஏ நகல் இல்லை, செல் பிரிய முடியாது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் முதலில் விழும். அதே காரணத்தால்தான் வாயின் உட்தோல், குடல், முடி என்று வேகமாக வளரும் மற்ற இடங்களும் அடிவாங்கும். அம்மாவின் சீட்டில் ஃபோலிக் ஆசிட் இருப்பது அந்த இடங்களுக்கான சின்ன நஷ்டஈடு. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் குறைந்த டோஸில் மெத்தோட்ரெக்சேட் வேறு வழிகளிலும், முக்கியமாக அடினோசின் என்ற பொருளைக் கூட்டியும் வீக்கத்தைக் குறைக்கிறது. அதனால்தான் ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுத்தாலும் மருந்தின் பலன் பெரிதாகக் குறைவதில்லை.

சுப்பாராவ் காலத்தில் ஒரு பொருளைச் சுத்தமாக எடுக்க ஈரலை டன் கணக்கில் கொண்டுவர வேண்டும். இன்று மனிதனின் டிஹெச்எஃப்ஆர் நொதி, சின்ன பிளாஸ்டிக் குழாயில், உலர்பனிக்கட்டி வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்கு பார்சலில் வந்துவிடும். யாருடைய ஈரலிலிருந்தும் எடுத்ததல்ல. அந்த நொதியைச் செய்வதற்கான மனித மரபணுவின் நகலை, ஈ கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திவிடுவார்கள். பாக்டீரியா தன் வேலையோடு இதையும் சேர்த்துச் செய்யும். பிறகு அதை உடைத்து, நிக்கல் பூசிய மணிகள் நிரப்பிய குழாய் வழியாக விடுவார்கள். நொதியின் வாலில் முன்கூட்டியே சேர்த்து வைத்த ஆறு ஹிஸ்டிடின்கள் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடிவிடும். இப்படிக் கிடைப்பதுதான் சுத்திகரிக்கப்பட்ட ரீகாம்பினன்ட் மனித நொதி. 187 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். உறையும்போது சேதமாகாமல் இருக்கக் கிளிசரால் கலந்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எழுதியிருக்கும்.

இந்த வித்தைக்கு முன்னோட்டமே டிஹெச்எஃப்ஆர்தான் என்பது இன்னொரு சுவாரஸ்யம். 1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் டிஹெச்எஃப்ஆர் மரபணுவை ஈ கோலைக்குள் வைத்தார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிரைமெத்தோபிரிம் என்ற மருந்தை ஊற்றினார்கள். அது பாக்டீரியாவின் சொந்த டிஹெச்எஃப்ஆரை அடைத்துக் கொன்றுவிடும், பாலூட்டிகளின் நொதியை அவ்வளவாகத் தொடாது. எலி நொதி வேலை செய்த பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்தன.

சிறுநீர்த் தொற்றுக்கு இன்றும் கொடுக்கும் அந்த டிரைமெத்தோபிரிம் எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் குழுவிடமிருந்து. ஹார்வர்டில் ஃபிஸ்க்கின் மாணவராக இருந்த அதே ஹிட்சிங்ஸ். மனித நொதியும் கிருமியின் நொதியும் ஒரே வேலையைச் செய்தாலும் உருவத்தில் கொஞ்சம் வேறு. அந்த வித்தியாசத்தில் விரலை விட்டால் கிருமியை மட்டும் கொல்லலாம் என்பது அவரும் கெர்ட்ரூட் எலியனும் பல வருஷம் துரத்திய எண்ணம். இருவருக்கும் 1988-ல், ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்த்து, நோபல் கிடைத்தது.

மனித நொதியைத் தனியாகச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய அவசியமும் இதுதான். மலேரியாவுக்கோ காசநோய்க்கோ யாராவது புதிதாக ஒரு டிஹெச்எஃப்ஆர் தடுப்பானைக் கொண்டுவந்தால், கிருமியின் நொதியை அடைக்கிறதா என்பது பாதிக் கேள்வி. நம்முடையதை விட்டுவைக்கிறதா என்பது மீதி. விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் போவதற்கு முன்னால், முதல் பதில் இந்தச் சின்னக் குழாயிலிருந்துதான் வர வேண்டும்.

சோதனை எளிமையானது. நொதி, அதன் இரை டைஹைட்ரோஃபோலேட், கூடவே என்ஏடிபிஹெச் என்ற துணைப்பொருள், மூன்றையும் கலந்து 340 நானோமீட்டர் ஒளியில் வைப்பார்கள். நொதி வேலை செய்யச் செய்யத் துணைப்பொருள் செலவாகும், ஒளியை உறிஞ்சுவதும் குறையும். திரையில் கோடு சரிந்து இறங்கும். மாதிரியில் உள்ளதை ஒளியால் அளப்பது என்ற வகையில், 1925-ன் நீல நிறத்துக்கு இது தூரத்து உறவு.

புது மருந்தைப் போட்ட குழியில் கோடு எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு முன், சோதனை சரியாக நடக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டுமல்லவா? அதற்கு நொதியை நிச்சயம் அடைக்கும் என்று தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அதனால் பக்கத்துக் குழியில் துளியூண்டு மெத்தோட்ரெக்சேட் விடுவார்கள். அங்கே கோடு இறங்காமல் படுத்தே கிடக்கும்.